சதுப்பு நிலத்தில் ஒரு விசில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டு மாதமாக அவள் 'ம்', 'வேண்டாம்' என்ற இரண்டே சொற்களில் குடித்தனம் நடத்துகிறாள் என்று உன்னிடம் அழாத குறையாகச் சொன்னேன். நீயோ, "பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று டிக்கெட் அனுப்பிவிட்டாய். உன் பேச்சைக் கேட்டுப் போன என்னைச் சொல்லவேண்டும்.

பலகைப் பாதை முழுக்க வழுக்கல், என் வலது செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது, திருப்பித் தரவில்லை, ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே பறவை பார்க்கும் மரக்குடிலுக்குள் போனால், "மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது சார்" என்றார் வனக்காவலர். உள்ளே ஆறு கேமராக்காரர்கள், விடிந்ததிலிருந்து ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தண்ணீர் தெரியாத அளவுக்கு நாரையும் வாத்தும். ரயிலில் முப்பத்தொரு வருஷம் கார்டாக இருந்தவன் நான், விசில் இன்னும் சாவிக்கொத்தில்தான் தொங்குகிறது. எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, கடிகாரமும் என் வண்டி கிளம்பும் பத்து நாற்பதைக் காட்டியதா, பழக்க தோஷம், கை தானாக எடுத்தது, வாய் ஊதிவிட்டது. அவ்வளவுதான், ஒரு பறவை மிச்சமில்லை.

கேமராக்காரர்கள் திரும்புவதற்குள் விசில் என் சட்டைப்பைக்குள் போய்விட்டது. "யாருங்க விசில் அடிச்சது?" என்று வனக்காவலர் ஓடிவந்தார். நான் குனிந்து, இல்லாத செருப்பைத் தேடினேன். உன் அம்மா எழுந்தாள்.

"என் மூக்குதான் தம்பி. ஆபரேஷன் ஆனதிலேர்ந்து மூச்சு விட்டா இப்படித்தான் கேக்குது."

அந்த நல்ல மனிதர் பதறிப்போய் அவளுக்கு நாற்காலி, தண்ணீர் எல்லாம் கொண்டுவந்தார். எனக்கு ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பார், ஆபரேஷன் செய்த இடம் என்னாகுமோ என்று பயந்துவிட்டேன். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் இந்த வயதில் எனக்கு இந்த மானக்கேடு வேண்டாம். இனி டிக்கெட் கிக்கெட் எதுவும் அனுப்பாதே.

இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டையைக் குறைத்து, நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
ஒற்றைச் செருப்பு அப்பா

பி.கு.: பழக்க தோஷம் என்று எழுதியது பொய். குடிலில் அம்மா என் காதோரம், "எல்லாம் ஒண்ணா பறந்தா எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி. சிக்னல் கிடைக்காமல் நான் ஒரு தடவைகூட ஊதியதில்லை, மகளே. அடுத்த சனிக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் அனுப்பு. விசில் இப்போது அவள் கைப்பையில் இருக்கிறது.