வதந்தி மறுப்புப் பிரிவு

ஒரு நோய் ஊருக்குள் வருமுன் அதைப் பற்றிய கோப்பு வந்துவிட வேண்டும் என்பது அரசாங்கம் கண்ட சுகாதார முறை. அறுபத்தைந்தாம் வருஷம் காலரா கிழக்கே ஏதோ ஒரு தீவில் புறப்பட்டு, நாடு நாடாகப் பார்வையிட்டுக்கொண்டு ஹைதராபாத்துக்கும் விஜயம் செய்தபோது, ஹப்சிகுடா பக்கம் இருந்த அரசுத் திருகாணி உற்பத்திக் கழகம் அதைத் தக்க ஏற்பாடுகளுடன் எதிர்கொண்டது. ஆலை மருந்தகத்தில் தடுப்பூசி தயாராயிற்று. ஊசியைப் பற்றி விஷமிகள் கிளப்பும் புரளிகளைத் தவிடுபொடியாக்க ‘வதந்தி மறுப்புப் பிரிவு’ என்று ஒன்றும் உதயமாயிற்று. பிரிவு என்றால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அதில் குமாஸ்தா ஜம்புநாதன்.

ஜம்புநாதன் ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஊழியர். தற்காலிகமாகவே கல்யாணம் செய்துகொண்டு, தற்காலிகமாகவே தலை நரைக்கத் தொடங்கியிருந்தார்.

"மாசம் பத்து வதந்தியாவது மறுத்துக் காட்டும், ஓய்! பிரிவை நிரந்தரமாக்கிடறேன். உம்மையும் சேர்த்துத்தான்" என்று வாக்களித்திருந்தார் பணியாளர் அதிகாரி வெங்கடகிருஷ்ணன்.

முதல் வதந்தியைக் கொண்டுவந்தவர் லேத் பட்டறை லட்சுமணன். "ஊசி போட்டா காய்ச்சல் வருதாம் சார். நமக்கு நக்கோ, வேணாம்!"

ஜம்புநாதன் மருந்தகத்துக்குப் போய் நர்ஸ் ஹில்டாவிடம் விசாரித்தார்.

"வரும் சார். ஒருநாள் காயும், கை வீங்கும், அப்புறம் சரியாப் போயிரும். அதை அப்படியே எழுதிப் போடுங்க, ஜனங்க வருவாங்க" என்றாள் ஹில்டா.

அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. "உண்மையை ஒத்துக்கறதுக்கா பிரிவு ஆரம்பிச்சோம்? பேர் என்ன ஓய்? மறுப்பு! மறுத்துடும்."

‘தடுப்பூசியினால் காய்ச்சல் வரும் என்பது தீயசக்திகளின் கட்டுக்கதை என்று சகலருக்கும் இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.’ சுற்றறிக்கையை நம்பி எண்பது பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். மறுநாள் எண்பது பேரும் கம்பளிக்குள் கிடந்தார்கள். அன்றோடு, மெட்டுகுடா சந்துகளில் வாடகைக்கு இருந்த கழக ஊழியர்கள் அத்தனை பேருக்கும் ஒரு ஞானம் பிறந்தது: சுற்றறிக்கை எதை இல்லை என்கிறதோ அது உண்டு, எதை உண்டு என்கிறதோ அது இல்லை. அதுவரை பக்கோடா மடிக்கப் பயன்பட்ட சுற்றறிக்கையை, பரீட்சை முடிவு பார்ப்பது போல முண்டியடித்துப் படித்தார்கள்.

மாசக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் வதந்தி மூன்றுதான் தேறியது. ஜனங்களுக்குக் கற்பனை போதவில்லை. ஜம்புநாதன் கான்டீனில் டீயை வைத்துக்கொண்டு மீதி ஏழையும் தாமே தயாரித்தார். ஊசி போட்டால் குதிகால் தேயும். குரல் கீச்சென்று ஆகும். குழந்தைகளுக்கு வாய்ப்பாடு மறந்துபோகும். இந்தக் கடைசி ஒன்று அவருக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. ஏழையும் அவரே கடுமையாகக் கண்டித்து மறுத்தார்.

மறுநாள் முதல் மருந்தகத்தில் ஈ காக்கை இல்லை. அதற்குப் பதில் கழுத்தில் வெள்ளை வெங்காயம் கட்டிக்கொள்ளும் நாகரிகம் பரவியது. அதிகாரிகளின் மனைவிமார் புடவைக்குப் பொருத்தமான பட்டுப் பையில் வெங்காயம் தொங்கவிட்டுக்கொண்டு மாதர் சங்கத்துக்குப் போனார்கள். வெங்காயம் இல்லாமல் வந்தவளுக்கு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை.

லட்சுமணனும் வெங்காயம்தான் கட்டியிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. இதில் கேலி பேச எனக்கு மனம் வரவில்லை.

ஜம்புநாதன் அன்று சாயங்காலமே மனைவியிடம் ஓடினார். லட்சுமணன் வீட்டுக் குழாயில்தான் அவர் வீட்டுக்கும் தண்ணீர்.

"அலமு, நாளைக்குக் குழந்தையை அழைச்சிண்டு வா. ஊசி போட்டுடலாம்."

"வாய்ப்பாடு மறந்து போயிடும்னா."

"யார் சொன்னா?"

"உங்க சுற்றறிக்கைதான்."

"அதுல இல்லைன்னுதானேடி எழுதியிருக்கேன்!"

"அதனாலதான் பயமாயிருக்கு."

"ஐயோ, அது நானே இட்டுக்கட்டினதுடி! கான்டீன்ல டீ குடிச்சிண்டே எழுதினேன்!"

"மறுக்கறதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்" என்றாள் அலமு. நாலாம் வகுப்பு படிக்கும் விஜயகுமாரி கதவுக்குப் பின்னாலிருந்து, "நாக்கு வத்து!" என்று தெலுங்கில் வேண்டாமென்று கூவினாள்.

மறுநாள் ஜம்புநாதன் அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

வெங்கடகிருஷ்ணன் பதறவில்லை. "நம்ம பிரிவே வதந்தி கிளப்பறதுன்னு சொல்றீர். இதைவிடப் பெரிய வதந்தி உண்டா? பதிவு பண்ணும். மறுத்துடும்."

‘வதந்திகளை வதந்தி மறுப்புப் பிரிவே எழுதுகிறது என்பது அப்பட்டமான பொய்.’

ஒட்டிய ஒரு மணி நேரத்தில் உண்மை ஊருக்கே விளங்கிவிட்டது. அட, எல்லாம் ஜம்புநாதன் கட்டிவிட்டதா! மறுநாள் காலை மருந்தக வாசலில் முந்நூறு பேர் வரிசை. நடுவில் அலமு, விஜயகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜம்புநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

உள்ளே ஹில்டா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மருந்து இல்ல சார். மூணு வாரமா ஆளே வரலன்னு, உபரின்னு எழுதி நேத்துதான் மேலிடத்துல தூக்கிட்டுப் போனாங்க. இனிமே புதன்கிழமைதான்."

மருந்து இல்லை என்று யாரோ வெளியே சொல்லிவிட, வரிசை சலசலத்தது. வெங்கடகிருஷ்ணன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். ஒரு கையில் ஜம்புநாதனை நிரந்தரமாக்கும் உத்தரவு. மறு கையில் வெள்ளைத்தாள்.

"எழுதும் ஓய்! மருந்து தீர்ந்துவிட்டது என்பது வதந்தி. புதன்கிழமை மேலும் மருந்து வரும்."

ஜம்புநாதன் ஒரு நிமிஷம் யோசித்தார். தீர்ந்துவிட்டது என்று எழுதினால் தீரவில்லை என்று நம்பி, இந்த வெயிலில் குழந்தைகளோடு நிற்பார்கள். தீரவில்லை என்று எழுதினால் உண்மை புரிந்து வீட்டுக்குப் போவார்கள். ஆகவே பொய் சொல்வதே நேர்மை. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது வரியைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

வரிசை நிமிஷத்தில் கலைந்தது.

புதன்கிழமை மருந்து வந்தது. பிற்பகல் மூன்று மணி வரை வந்த ஒரே ஆள் ஜம்புநாதன்.

"பாப்பா எங்க சார்?" என்றாள் ஹில்டா.

"மருந்து வரும்னு நான் எழுதிட்டேனே சிஸ்டர். அதனால வராதுன்னு சொல்லிட்டா அவ அம்மா."

"ஒரே ஆள்தான் வந்திருக்கீங்க. இதையும் உபரின்னு எடுத்துக்கிட்டுப் போக அஞ்சு மணிக்கு வண்டி வருது சார்!"

ஜம்புநாதன் ஊசி போட்ட கையோடு சைக்கிளை மிதித்தார். மெட்டுகுடா சந்து முனையிலேயே கத்த ஆரம்பித்தார். "மருந்து வந்துடுத்து! வாங்கோ! அஞ்சு மணிக்குள்ள வாங்கோ!" ஒன்பது வருஷ உத்தியோகத்தில் அவர் இவ்வளவு உண்மை பேசியதில்லை. ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். கத்துவது யாரென்று தெரிந்ததும் வீடு வீடாகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஏழாவது வீடு அவருடையது. அங்கே தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.