மணங்கண்ணனின் தராசுத் தட்டு

பொன்னமராவதியில் யாருக்கு எத்தனை ஆயுசு என்று தீர்மானித்தவன் எமன் இல்லை. எங்கள் கடலை மண்டியில் தராசு பிடித்த மணங்கண்ணன்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று அங்கே கணக்கு எழுதிய எனக்கே தெரியாது. மணங்கு என்றால் அந்தக் காலத்து எடை. எட்டு வீசை ஒரு மணங்கு; இன்றைய கணக்கில் பதினோரு கிலோ சொச்சம். மூட்டையை மட்டும் நிறுப்பதோடு விட்டிருந்தால் அவருக்கு அந்தப் பெயர் வந்திருக்காது.

ஊரில் மற்றவர்கள் ஆளைப் பார்த்தால் "சௌக்கியமா?" என்பார்கள். இவர் "ஏறுங்க" என்பார். விட்டத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தட்டில் ஆளை உட்கார வைத்து, எதிர்த்தட்டில் இரும்புக் கல்லை அடுக்குவார். எடை கூடியிருந்தால் ஒரு கை கடலை பரிசு. குறைந்திருந்தால் எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "வீட்ல ஒனக்குச் சோறு போடலையாப்பா?" என்பார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவரைக்கூட வழிமறித்து ஏற்றிவிட்டார். மாப்பிள்ளை இறங்கி, வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார்.

அண்ணனோ குச்சி. நீங்களும் ஏறுங்களேன் என்றால், "தராசுக்காரனே ஏறிட்டா முள்ளை யாருப்பா பாக்குறது?" என்பார்.

எங்கள் ஊர் டாக்டரும் ஒல்லிதான். முதலாளிக்கு ஊசி போட மண்டிக்கு வந்தவரையும் இவர் விடவில்லை. "டாக்டரய்யா, நீங்க நாலு மணங்குகூட இல்லைங்க. ஒங்க மருந்தைக் குடிச்சு நாங்க எப்படித் தேறுறது?" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார். முதலாளி ஏழு மணங்கு. "இரும்பு ஒடம்பு" என்று அண்ணன் சொல்லி வைத்திருந்தார். அந்த மாசமே முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து உயிரை விட்டார். "கல்லு தேஞ்சிருக்கும். அவருக்கு நெசத்துல அவ்வளவு எடை இல்லை" என்று பழியைக் கல்லின் மேல் போட்டார் அண்ணன்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவர் மனைவி. எங்களுக்கெல்லாம் அண்ணி. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து சீக்காளி. சந்தையன்று சோறு கொண்டுவந்தால் தட்டில் ஏற்றாமல் அனுப்பமாட்டார்.

"ஏங்க, ஊரே சிரிக்குதுங்க."

"சிரிக்கட்டும். நீ ஏறு."

வாரா வாரம் அதே எடைதான். முள் அசையவே அசையாது. யுத்தத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது தன் பங்கையும் அண்ணிக்கே வைத்துவிட்டு, மண்டிக் கடலையைக் கொறித்துப் பொழுதை ஓட்டினார் மனுஷன்.

ஒரு சந்தையன்று அண்ணியின் எடை கூடியிருந்தது. அடுத்த சந்தையன்று இன்னும் கூடியது. அண்ணன் மண்டி முழுக்கக் கருப்பட்டி கொடுத்தார். அண்ணி மட்டும் மெல்லச் சொன்னார்: "காலு ரெண்டும் பாரமா இருக்குங்க. நடந்தா மூச்சு வாங்குது."

"சதை போடுறப்ப அப்படித்தான் இருக்கும்."

அந்தப் பக்கமாகப் போன டாக்டர் உள்ளே வந்தார். குனிந்து, அண்ணியின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தபின்னும் குழி அப்படியே இருந்தது.

"இது சதை இல்லைப்பா, தண்ணி. இதயம் சரியில்லை. தண்ணி வடிய மருந்து தர்றேன். உப்பைத் தொடக்கூடாது" என்றார்.

மருந்து வேலை செய்தது. வீக்கம் வற்றியது. அண்ணி மூச்சிரைக்காமல் தெரு முழுக்க நடந்து வந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு சந்தைக்கும் தட்டிலிருந்து கல்லை எடுக்க எடுக்க, அண்ணன் முகம் வெளுத்தது.

"டாக்டரு இவளை உருக்குறாரு தம்பி."

"அண்ணி நல்லா நடக்குறாங்களேண்ணே!"

"நடையை நம்பலாமா? தராசு பொய் சொல்லுமா?"

மருந்துப் புட்டியைத் தெருவில் கவிழ்த்தார். உடம்பு தேறட்டும் என்று மீமிசல் கருவாடு வாங்கிப் போட்டார். அது முழுக்க உப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. போன எடை திரும்பி வந்தது. அண்ணன் பழையபடி சிரித்தார். அடுத்த சந்தையன்று அவருக்குச் சோறு வரவில்லை, ஆள் வந்தது.

பாடை தூக்கியவர்கள் பாரம் தாங்காமல் வழியில் தோள் மாற்றிக்கொண்டார்கள். அண்ணன் அதைப் பார்த்தார். பக்கத்தில் வந்த டாக்டரிடம், "எடை கூடித்தானேய்யா இருந்துச்சு?" என்று குழந்தை மாதிரி கேட்டார்.

அதன்பிறகு தராசில் கடலை மட்டும்தான் ஏறியது. ஆனால் அண்ணன் சும்மா இருப்பாரா? மண்டிக்கு யார் வந்தாலும் சட்டென்று குனிந்து காலை அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார். வண்டிக்காரர்கள் கூச்சத்தில் குதித்தார்கள். வரி கேட்க வந்த அதிகாரி நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுபடியும் மண்டி சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

வேலை மாறி நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது பஸ்ஸடிக்கு வந்தார். அத்தனை பேர் நடுவில் குனிந்து என் காலை அழுத்தினார். விரலை எடுத்துவிட்டு, சதை எழும்பும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"குழி இல்லை. போயிட்டு வா தம்பி."

இப்போது ஆஸ்பத்திரியில் என்னை எடை மேடையில் ஏற்றுகிறார்கள். நல்ல எடைதான் என்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் யாரும் பார்க்காதபோது குனிந்து காலை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன். குழி இருப்பதில்லை. அதை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.