எலிக்கு வைத்த கிட்டி

"என்னங்க, கால்ல என்னமோ தொங்குது?"

அம்சம் இப்படிக் கேட்டபோது இராஜாங்கம் கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு, போனைப் பார்த்தபடியே உள்ளே வந்துகொண்டிருந்தார். வலது காலுக்குப் பின்னால் ஒரு மூங்கில் கிட்டி தரையில் உரசிக்கொண்டு வந்தது. மூங்கிலை வில்லாய் வளைத்துக் கயிறு பூட்டி வயலில் எலிக்கு வைப்பது. எலி தலையை நீட்டினால் கழுத்தை நெரித்துவிடும். முந்தின நாள் சம்பா வயலில் பன்னிரண்டு கிட்டி வைத்தவர் அவர்தான். அதில் விழுந்த முதல் எலியும் அவர்தான். கயிறு இறுக்கி, சுண்டு விரல் நாவல்பழமாய்க் கறுத்திருந்தது.

"அட!" என்று குனிந்து பார்த்தார். "அம்சம், எலிக்கு வாந்தியே வராது, தெரியுமா?"

"எனக்கு வருது. வலிக்கலையா உங்களுக்கு?"

"இல்லையே!"

அந்த 'இல்லையே'தான் அம்சத்தைப் பயமுறுத்தியது. அவருக்குப் பதினாலு வருஷமாகச் சர்க்கரை. வயலுக்குள் செருப்போடு இறங்கினால் மகசூல் போய்விடும் என்று செருப்பை மதகிலேயே விட்டுவிடுகிற குடும்பம். அங்கிருந்து வீடுவரை ஒரு கிட்டியை இழுத்துக்கொண்டு வந்தவருக்கு வலிக்கவில்லையாம்.

"நாளைக்குக் கும்பகோணம் போய்க் காட்டிட்டு வந்துடுவோம்ங்க."

"மஞ்சளைக் கொழைச்சுப் போடு, போதும்."

போட்டாள். பதினோரு நாள் போட்டாள். விரல் மஞ்சளாகவில்லை. மஞ்சள்தான் கறுத்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் கட்டைப் பிரித்தபோது வந்த வாடையில், வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து எட்டிப் பார்த்தது. அம்சம் அதை விரட்டிவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதாள். அழுது முடித்து ரசம் வைத்தாள்.

இராஜாங்கத்திடம் பேசி ஜெயிக்க முடியாது. போனில் 'தினம் ஒரு வியப்பு' என்று ஒரு குழு. அதில் வருவதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யானையால் குதிக்க முடியாது என்பார். அந்தக் காலத்துப் படத்தில் அம்பது பாட்டு என்பார். கட்டுமரம் என்கிற சொல்லை வெள்ளைக்காரன் அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்பார். டீக்கடை ஹாஜா மைதீன் இவர் தலை தெரிந்தாலே ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார். அம்சம் எட்டாவதோடு நின்றவள். அவளுக்கு ரேடியோவும் கிடையாது.

"ஏங்க, வெரலு அழுகுதுங்க."

"நண்டுக்குக் காலு போச்சுன்னா திரும்ப முளைக்கும், தெரியுமா?"

"நீங்க நண்டா?"

"பல்லிக்கு வாலு..."

"நீங்க பல்லியா? மனுசனுக்கு எது முளைக்குது, அதச் சொல்லுங்க."

"நகம்."

"வெரலு இருந்தாத்தானங்க நகம்?"

அவர் போனுக்குள் புகுந்துகொண்டார்.

அவர் பயம் அவளுக்குத் தெரியாதது இல்லை. எதிர்வீட்டு வேம்பு, கால் கட்டை விரலை டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறிப் போனவர். திரும்பியது வாடகைக் காரில். வலது முழங்காலுக்குக் கீழே வேட்டிதான் இருந்தது. அந்தக் கால் செருப்பு மட்டும் இன்னும் அவர்கள் வேலியில் கிடக்கிறது. அன்றையிலிருந்து இராஜாங்கம் வாசல் பக்கம் உட்காருவதில்லை.

"வேம்பு அண்ணன் மூணு மாசம் மூடி வச்சிட்டுப் போனாரு. அதான் அப்படி ஆச்சு."

"போனான். அதான் ஆச்சு. போகாம இருந்திருந்தா?"

அம்சம் மஞ்சள் அரைக்கப் போனாள்.

அன்று சாயங்காலம் அவர் நாற்காலியில் சாய்ந்து, முக்காலியில் காலை நீட்டி, போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். அம்சம் மஞ்சள் கிண்ணத்தோடு கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"பட்டாம்பூச்சி காலாலதான் ருசி பார்க்குமாம், அம்சம்!"

"அப்படிங்களா?"

அவள் இப்படி ஆர்வமாய்க் கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவர் குளிர்ந்துபோனார்.

"ஆக்டோபஸுக்கு மூணு இதயம்."

"அடேயப்பா! உங்களுக்குத் தெரியாததே இல்லைங்க."

"கேட்டுப் பாரேன்."

"கேட்கறேன். சொல்லிட்டீங்கன்னா இனிமே ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்க மாட்டேன். சொல்லலன்னா காலையில மொத பஸ்ஸு."

"எட்டாங்கிளாஸு நீ என்னைக் கேட்கப் போற?" சிரித்தார். "ஒரு கேள்விதான்."

"ஒண்ணே ஒண்ணு. சத்தியமா?"

"சத்தியம்." போன் மேல் அடித்தார். குலதெய்வத்தை விட அவருக்கு அதுதான் பெரிது.

"உங்க கால்ல எந்த வெரலை இப்ப ஒண்ணு கவ்விக்கிட்டு இருக்கு? பாக்காமச் சொல்லுங்க."

போன் மெல்ல இறங்கியது. அவர் கூரையைப் பார்த்தார். ஓட்டில் விடை எழுதியிருக்கிறதா என்று தேடுகிறவர் மாதிரி பார்த்தார். அம்சம் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த ஒரு தடவை இவர் ஜெயித்துவிடட்டும், ஆயுசுக்கும் இவர் சொல்கிற எலியையும் யானையையும் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

"சுண்டு விரல். அதுலதான மஞ்சள் போடற?"

"பாருங்க."

பார்த்தார். கட்டை விரலை ஒரு பச்சைத் துணி கிளிப் கவ்விக்கொண்டிருந்தது. அவர் லுங்கியைக் காற்றில் பறக்காமல் கொடியில் பிடித்து வைக்கிற கிளிப்.

"இத எப்ப மாட்டின?"

"பட்டாம்பூச்சி சொன்னீங்களே, அப்பவே."

கிளிப்பை எடுத்தாள். தோலில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ தடவுகிற மாதிரி இருந்தது அவர் முகம்.

"அம்சம், பயமா இருக்குடி," என்றார். அதில் தகவல் எதுவும் இல்லை.

"எனக்கும்தாங்க," என்றாள்.

காலையில் முதல் பஸ்ஸில் போனார்கள். டாக்டர் பார்த்தார், படம் எடுத்தார், சுண்டு விரல் தங்காது என்றார். "இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா பாதம் போயிருக்கும். கூட்டிட்டு வந்தது யாரு?"

இராஜாங்கம் ஜன்னலைப் பார்த்தார்.

விரலை எடுத்த பிறகு இரண்டு நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. போன் தலையணைக்கடியில் கிடந்து முணுமுணுத்தது, எடுக்கவில்லை. இந்த அமைதிக்குத்தானே இருபத்தாறு வருஷம் ஏங்கினோம் என்று அம்சம் நினைத்துப் பார்த்தாள். வந்த பிறகு அது பொறுக்கவில்லை. சாப்பிட்டால் ஒரு கவளம். கேட்டால் ஒரு தலையசைப்பு. இந்த மனுஷனுக்கு விரலோடு வேறு எதையாவது எடுத்துவிட்டார்களோ?

மூன்றாம் நாள் இட்லியை விண்டு கொடுத்தாள். மென்றவர் நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

"அம்சம், மனுசன் உடம்புல எத்தனை எலும்பு, தெரியுமா?"

அவள் கண்ணில் நீர் முட்டியது. தட்டைப் பார்த்தபடி சட்னியைத் தொட்டு அடுத்த விள்ளலை எடுத்தாள்.

"எத்தனைங்க?"

"இருநூத்தி ஆறு!"

"ஊருக்கெல்லாம் அப்படித்தாங்க. உங்களுக்கு இருநூத்தி மூணு. டாக்டரைக் கேட்டுட்டேன். வாயத் திறங்க."