கொழும்புக்குப் போன சதீசன்

"கொழும்பில எவ்விடம், தம்பி?" என்று விடுதிக்காரர் அருமைநாயகம் கேட்டார்.

"வெள்ளவத்தை" என்றான் சதீசன். அவனுக்குத் தெரிந்த கொழும்பே அவ்வளவுதான்.

உண்மையில் ஆள் வந்தது ரெண்டு ஒழுங்கை தள்ளியிருந்த தன் வீட்டிலிருந்து. காலையில் மனைவி துசாந்தினியோடு சண்டை. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. சண்டை வந்தால் பையைத் தூக்குகிறவன் புருஷன்தான். தூக்கி எங்கே போவது? அம்மாவின் வீடு தங்கச்சிக்குப் போயாயிற்று. "கந்தோர் வேலையாக் கொழும்புக்குப் போறன், எப்ப வருவனோ தெரியா" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, நாவற்குடா வாவிக்கரையில் இருந்த இந்த விடுதிக்குள் புகுந்துவிட்டான். அவள் தவித்துப்போய் ஃபோன் எடுக்க வேண்டும், 'வாங்க மச்சான்' என்று கெஞ்ச வேண்டும். அதுவரை அவன் இங்கே நிற்பது அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

"என்ன அலுவலா வந்தீங்க?"

கிணற்றடியில் ஒரு மோட்டர் கண்ணில் பட்டது. "பிஸ்னஸ். தண்ணி மோட்டர் விக்கிறன்."

அருமைநாயகத்தின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. நம்மட மோட்டர் தண்ணி இழுக்குதில்ல. ஒருக்காப் பாருங்களன்."

கல்விக் கந்தோரில் குமாஸ்தாவாகக் கோப்புக் கட்டுகிற சதீசன், வேறு வழியில்லாமல் மோட்டருக்கு முன்னால் குந்தினான். கழற்றினான். திரும்பப் பூட்டியபோது ஒரு கைப்பிடி ஆணி மிச்சம். அதுவரை நூலாகவாவது வந்துகொண்டிருந்த தண்ணீர் அடியோடு நின்றுபோனது.

"இதுக்குச் சாமான் கொழும்பிலதான் எடுக்கோணும்" என்று தப்பப் பார்த்தான்.

"அத மறுகா எடுப்பம். இப்ப நம்மட தினேஸக் கூப்பிடுறன், அவன் திருத்துவான்."

தினேஸ் சதீசனின் முன்வீட்டுக்காரன். அவன் கண்டால் துசாந்தினி கண்ட மாதிரி. சதீசன் ஓடிப்போய்க் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டான்.

"குளிக்கிறன்!"

"தண்ணி இல்லாமலா?" என்றார் அருமைநாயகம் வெளியே நின்று.

தினேஸ் கெட்டிக்காரன். வந்த கையோடு மோட்டரைத் திருத்திவிட்டான். தண்ணீர் வருகிறதா என்று சதீசன் திருகித் திருகிப் பார்த்துவிட்டு மூட மறந்த ஷவர், அவன் தலையிலேயே கொட்டியது. உடுத்த சேட்டோடு முழுகி, தினேஸின் மோட்டர் சைக்கிள் சத்தம் தூரமாய்ப் போன பிறகுதான் வெளியே வந்தான்.

உடுப்பு மாற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அருமைநாயகத்தின் மனைவி சுடுசோறும் இறால் கறியும் போட்டாள். வாவிக் காற்று வந்தது. சும்மா சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது. ஃபோன்தான் ஒருமுறையும் அடிக்கவில்லை. அவளுக்குத் தன்மேல் கவலையே இல்லையோ என்று நினைத்து, பாவம், ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்தான்.

"அம்மா, ஆரும் தேடி வந்தால் நான் இஞ்ச நிக்கிறன் எண்டு சொல்லிடாதீங்க" என்றான் மெதுவாக.

அவள் இன்னொரு அகப்பை இறால் போட்டாள். "ஆரும் வரமாட்டாங்க மகன். நீங்க வெளிக்கிட்ட கையோடயே துசாந்தினி ஃபோன் பண்ணிட்டா: 'மாமி, அவர் கொழும்புக்கு வெளிக்கிட்டிட்டார், அறையக் கூட்டி வைங்க' எண்டு."