தோளில் இருந்த கை

நான் ஒரு பெண்ணை அழித்திருக்கிறேன். (பதற வேண்டாம், கம்ப்யூட்டரில்தான்.) டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஆனால் சரியாக அழிக்கவில்லை. அதற்குத்தான் இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைனராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காலண்டர் முருகனின் வேலுக்குப் பளபளப்பு ஏற்றுவது, கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இறந்தவரைக் கொஞ்சம் நிறமாக்குவது, இவைதான் என் வேலைகள். என் அப்பா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருடத்துக்கும் மேலாக ஃபோர்மேன். அதன் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அதுவரை அடுத்தவர் பெயருக்கு வெடி செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர், அந்த சீசனில் முதல்முறையாகச் சொந்த லேபிள் போட நினைத்தார். ஒரே திரியில் மூன்று தரம் வெடிக்கிற வெடி. பெயர் 'த்ரீ சவுண்ட்'.

"லேபிள எம்மவ போட்டுத் தருவா அண்ணாச்சி. அதுல ஒரு குத்தம் வந்துச்சுன்னா நான் இந்த கேட்டுக்குள்ள கால் வைக்கல" என்று அப்பா சபதம் போட்டுவிட்டு வந்தார். (குடை இரவல் வாங்கினாலும் இப்படித்தான் பேசுவார். ஆனால் சொன்னால் சொன்னபடி செய்துவிடுவார், அதுதான் பயம்.) இப்படியாக அப்பாவின் வேலை என் மவுஸ் நுனியில் வந்து தொங்கியது.

எங்கள் தொழிலில் லேபிளுக்குப் படம் பிடிப்பது சுலபம். நெட்டில் பெயரைத் தட்டி, வந்து விழுவதை எடுத்துக்கொள்ள வேண்டியது. கம்பி மத்தாப்புப் பெட்டியில் சிரிக்கிற வெள்ளைக்காரக் குழந்தை யார் பெற்ற பிள்ளையோ, எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நானும் 'மூன்று', 'சவுண்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். ஒரு பழைய இசைத்தட்டின் அட்டை வந்து விழுந்தது.

அறுபதுகளில் இங்கிலாந்தில் இருந்த மூவர் குழு. இடப்பக்கம் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பியானோக்காரர். வலப்பக்கம் தன்னைவிட உயரமான பிடில் ஒன்றைக் கட்டிப்பிடித்திருக்கும் ஒல்லி மனிதர். நடுவில் பாடகி. ஜாஸ் இசையைச் சினிமாப் பாட்டு மாதிரி லேசாக்கிப் பாடியவர்களாம். இரண்டு தட்டு போட்டார்கள், யாரும் வாங்கவில்லை என்று எவரோ ஒரு ரசிகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. அவர்கள் ஊரிலேயே தெரியாதாம்.

அவர்கள் பாட்டை ஹெட்போனில் ஓடவிட்டுக்கொண்டே அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் ஏற்றினேன். பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்பது போல அவள் பாடினாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. விரல் நகத்துக்குக்கூடப் பார்த்துப் பார்த்துச் சிவப்பு வைத்தேன்.

மாதிரி லேபிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனால், லேபிள் ஒட்டுகிற பெண்கள் ஒட்டமாட்டோம் என்று கையை எடுத்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் பேச்சியம்மா அக்கா.

"மூணு பேரா நிக்காகளே தாயி. மூணு பேரா போட்டா எடுத்தா நடுவுல நிக்கிறவுக தங்க மாட்டாகன்னு ஒனக்குத் தெரியாதா? வெடிமருந்து பொளங்குற எடத்துல இத ஒட்டச் சொல்லுறீகளே."

எங்கள் பக்கம் மூன்று பேர் மட்டும் சேர்ந்து நின்று போட்டோ எடுக்கவே மாட்டார்கள். எனக்கும் தெரியும். வெள்ளைக்காரர்களுக்கு அது செல்லாது என்று நினைத்துவிட்டேன். அப்பா லேபிளைத் திருப்பித் தந்தார். "நடுவுல இருக்கவள அளிச்சிரு" என்றார்.

அழித்தேன். அவள் நின்ற இடத்தில் சூரியகாந்திப் பூ மாதிரி ஒரு நட்சத்திரம் வெடிப்பதாக வரைந்து வைத்தேன். மனசு கேட்காமல், கடைசியாக ஒருமுறை அவள் பாட்டைப் போட்டேன். பியானோ வந்தது. பிடில் வந்தது. அவள் குரல் மட்டும் வரவில்லை.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். வலது பக்கம் வயர் போய்விட்டது, அந்தக் காலத்துத் தட்டுகளில் குரலை ஒரு பக்கத்தில் மட்டும் ஏற்றுவார்கள், அவ்வளவுதான் விஷயம் என்று ஒரு வாரம் கழித்து ரிப்பேர் கடைக்காரர் சொன்னார். அந்த ஒரு வாரமும் நான் பாத்ரூமுக்குக்கூட அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். பயத்தில் அந்த ஃபைலைத் திறந்து சரிபார்க்காமலே அச்சுப் பிளேட் போட அனுப்பிவிட்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வெடித்துப் பார்க்கிற நாள். உச்சி வெயில், கம்பெனிக்கு வெளியே கரிசல் காடு. அண்ணாச்சி புது வேட்டியில் நின்றார். முதல் பெட்டிக்குச் சந்தனம் வைத்த பேச்சியம்மா அக்கா, பெட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"தாயி, இந்தப் பெரிய பிடிலு வச்சிருக்கவரு தோள்ல ஒரு கை இருக்கே. அது யாரு கை?"

"அது... அவரோட கைதான்க்கா."

"அவருக்கு ரெண்டு கையும் இங்கன இருக்கே."

எல்லோரும் கூடி நின்று எண்ணினார்கள். இரண்டு ஆட்கள், ஐந்து கைகள். ஐந்தாவது கையில் சிவப்பு நகம். அவளை முழுசாக அழித்த நான், அவள் அவர் தோளில் போட்டிருந்த கையை விட்டுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை.

"மொதல்ல வெடிச்சுப் பாப்போம்" என்று சொல்லி அப்பாவே திரியைப் பற்ற வைத்துவிட்டு வந்தார். ஒன்று வெடித்தது. இரண்டும் வெடித்தது. மூன்றாவது வெடிக்கவில்லை.

காத்திருந்தோம். புகை அடங்கியது. காற்றும் நின்றுபோனது. வெடிக்காத வெடிக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் யாரையும் விடாத மனிதர் அப்பா. அன்றைக்கு மானம் பிடித்து இழுத்ததோ என்னவோ, தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். நான் கூப்பிட நினைத்தேன், குரல் வரவில்லை.

வெடிக்குப் பத்தடி இருக்கும்போது சட்டென்று நின்றார். யாரோ கூப்பிட்டது போல லேசாகத் தலையைத் திருப்பினார். மூன்றாவது சத்தம் அப்போது கேட்டது.

மண் பறந்தது. அப்பா கையில் வாளி அப்படியே இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"ஏன் நின்னீக?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"யாரோ தோள்ல கை வச்சாக. நீங்கன்னு நெனச்சேன்."

நாங்கள் அத்தனை பேரும் வெகு தூரத்தில், பாதுகாப்புக்குக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தோம். பேச்சியம்மா அக்கா பெட்டியைக் கீழே வைத்தார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற அப்பா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். அண்ணாச்சி வாங்கவில்லை. "குத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்தக் கை அங்கனயே இருக்கட்டும்" என்றார். இன்றைக்கும் அந்த லேபிளில் ஐந்து கை உண்டு. சரி செய்து தருகிறேன் என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன், விடமாட்டேன் என்கிறார்கள். பேச்சியம்மா அக்கா முதல் லேபிளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஒட்டுகிறார்.

பிறகு ஒருநாள் அந்த ரசிகரின் பக்கத்தை முழுசாகப் படித்தேன். இரண்டாவது தட்டோடு அவள் பாடுவதை நிறுத்திவிட்டாளாம், எங்கே போனாள் என்று தெரியவில்லையாம். மற்ற இருவரும் பிற்காலத்தில் எடுத்த ஒரு படம் கீழே இருந்தது. இரண்டு கிழவர்கள், நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. என் லேபிளில் இருக்கிற அதே இடைவெளி. பக்கத்தை மூடிவிட்டேன்.

எங்கள் வீட்டில் எது தப்பாகப் போனாலும், குழம்பில் உப்பு கூடினாலும், "இது யாரு கை?" என்பதுதான் கேள்வி. என் கல்யாணத்தில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேரும் போட்டோவுக்கு நின்றோம். என் வலது பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு அம்மாவைத் தள்ளி நிற்கச் சொன்னார் அப்பா.

"இன்னும் யாரு வரணும்ணே?" என்று கேட்டார் போட்டோக்காரர்.

"வந்தாச்சு, எடுங்க" என்றார் அப்பா.

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். வலது பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.