ஒரு மெய்யெழுத்தில் போய்ச் சேர்ந்தவர்

என் கணவரை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். பட்டப்பகலில், எட்டுப் பெண்கள் முன்னிலையில், மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஆயுதம் ஏதும் இல்லை, வாய்தான். (அதைவிடப் பெரிய ஆயுதம் வேறு வேணுமா என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செத்துப் பிழைத்தவர் கேட்கிறார். அவரைக் கண்டுகொள்ள வேண்டாம்.)

ஏழு வருடத்துக்கு முன்பு சரவணனுக்கு மைசூரில் வேலை கிடைத்தது. அங்கே ஹெப்பாள் பகுதியில் ஒரு பேக்டரி. விருதுநகரிலிருந்து மைசூருக்கு ஒரு ராத்திரிப் பஸ் பயணம், அவ்வளவுதான். ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் வழியனுப்பிய அழகைப் பார்த்தால் நாங்கள் கடல் தாண்டிப் போவதாகத்தான் யாரும் நினைப்பார்கள். என் நாத்தனார் மூன்று கிலோ புளியை மூட்டை கட்டிக் கொடுத்தார். "பாஷை தெரியாத ஊரு. என்ன கிடைக்குமோ, என்னமோ." மைசூரில் புளி கிடைக்காது என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்பது இன்றுவரை ரகசியம்.

பாஷையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நான் எம்.ஏ. தமிழ். ஆறு வருடம் தனியார் பள்ளியில் தமிழாசிரியை. கிளம்புவதற்கு முந்தின இரண்டு வாரம் செல்போனில் கன்னட வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். நாலாவது வீடியோவிலேயே எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. மரம் என்றால் மர. நகரம் என்றால் நகர. புத்தகம் என்றால் புஸ்தக. தமிழ்ச் சொல்லை எடு, கடைசியில் இருக்கும் 'ம்'மைத் தூக்கிப் போடு, கன்னடம் தயார்! இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டு மிச்ச வீடியோக்களைப் பார்ப்பது அவமானம் என்று தோன்றியது. நிறுத்திவிட்டேன்.

வீடு கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்ததும் தங்கள் சுவர்களை ஒருமுறை பார்த்தார்கள், பிறகு வீடு இல்லை என்றார்கள். (ரெண்டு பேரையும் குத்தம் சொல்ல முடியாது. கவின் கையில் அப்போது கிரேயான் இருந்தது.) மூன்றாவதாகத்தான் சாரதம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கீழே அவரும் அவர் கணவரும், மாடியில் நாங்கள். எங்களைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்து, "பன்னி, பன்னி" என்றார். ஆறு வயது நிலா என் சேலையை இழுத்தாள். "அம்மா, நம்மளைப் பன்னிங்கறாங்க."

"அப்படின்னா 'வாங்க'ன்னு அர்த்தம்டீ" என்று நான் விளக்கினேன். குடும்பமே என்னை மரியாதையாகப் பார்த்தது. அந்த மரியாதைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

பால் காய்ச்சிக் குடிவந்த மூன்றாவது நாள். சரவணனுக்கு முதல் வாரமே நைட் ஷிப்ட். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிட்டுப் போனதும், சட்டையைக்கூடச் சரியாகக் கழற்றாமல் ஹாலில் பாயை விரித்தார். கட்டில் இன்னும் துண்டு துண்டாக இருந்தது. இரண்டு படுக்கையறையிலும் அட்டைப் பெட்டிகள். ஜன்னலுக்குத் திரை இல்லாததால் வெயில் முகத்தில் அடித்தது. அதனால் வெள்ளைப் போர்வையை எடுத்து உச்சி முதல் பாதம் வரை இழுத்து மூடிக்கொண்டார். விருதுநகர்க்காரருக்கு மைசூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் தாடையோடு சேர்த்துத் தலையில் ஒரு மப்ளர் கட்டியிருந்தார். புது பெயின்ட் நாற்றம் குமட்டுகிறது என்று நான் வேறு அவர் தலைமாட்டில் ஒரு கொத்து ஊதுபத்தி ஏற்றி வைத்தேன்.

இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு எனக்கு அறிவில்லை.

பத்து மணிக்குக் கீழே பஜனை தொடங்கியது. சாரதம்மாவும் தெருப் பெண்களுமாக எட்டுப் பேர், போர்ட்டிகோவில் ஜமக்காளம் விரித்து, ஹார்மோனியம், ஜால்ரா, போதாததற்கு ஒரு மைக். எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி தாளம் போட்டது. சரவணன் போர்வைக்குள்ளிருந்து முனகினார்.

"இரண்டு நிமிஷம். நான் போய்ப் பேசிட்டு வரேன்" என்றேன்.

"நீயா?" என்றது போர்வை. "எந்த பாஷையில?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என் தகுதிக்குக் குறைவு. சிணுங்கிக்கொண்டிருந்த கவினைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். படியிறங்கும்போதே வாக்கியங்களை அடுக்கிவிட்டேன். ராத்திரி வேலை, காலையில் வந்தார், படுத்தார், சத்தமாக இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சத்தம். கடைசியில் 'ம்'. என் விதி இருக்கும்போது என்ன பயம்?

என்னைப் பார்த்ததும் பாட்டு நின்றது. கவினின் கன்னத்தைக் கிள்ளி சாரதம்மா கேட்டார்: "அப்பா எல்லி, புட்டா?"

அப்பா எங்கே என்று கேட்பது அவனுக்கே புரிந்துவிட்டது. ஆள்காட்டி விரலை நேராக மேலே நீட்டி, "மேல" என்றான். (கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை.)

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, வகுப்பில் செய்யுள் சொல்வதுபோல் சொன்னேன்:

"யஜமான்ரு ராத்ரி கெலச. பெளிக்கெ பந்த்ரு. மலகித்ரு. சத்த. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."

ஜால்ரா ஒன்று தரையில் விழுந்து உருண்டது. யாரோ மைக்கை அணைத்தார்கள். எட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த ஒருத்தி இவ்வளவு சுத்தமாகக் கன்னடம் பேசினால் வேறெப்படிப் பார்ப்பார்கள்? தன்னடக்கமாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மாடியேறினேன்.

"நிறுத்திட்டாங்க பாத்தீங்களா?" என்றேன் போர்வையிடம். போர்வை ஏற்கெனவே அசையாமல் தூங்கிப்போயிருந்தது.

நான் சொன்னதன் பொருளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கன்னடத்தில் இரைச்சலுக்கு 'கலாட்டெ' என்பார்கள். 'சத்த' என்றால் செத்தான். ஆக, நான் அந்த எட்டுப் பெண்களுக்கும் அறிவித்தது இதுதான்: "வீட்டுக்காரர் ராத்திரி வேலை. காலையில் வந்தார். படுத்தார். செத்தான். கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள்."

பத்து நிமிடத்தில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சாரதம்மாவின் கணவர், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுவோம், யாருக்கோ போன் செய்தபடி நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் படியேறி வந்து நிலாவையும் கவினையும் அணைத்துத் தூக்கிக் கீழே கொண்டுபோனார்கள். இட்லி ஊட்டப்போகிறார்களாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாளாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அல்லாடியவள் நான். என்ன ஊர், என்ன ஜனங்கள்! விருதுநகரில் குடிவந்த வீட்டில் ஒருத்தர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருப்பாரா?

பிறகு மற்றவர்களும் வந்தார்கள். செருப்பை விட்டுவிட்டு, சத்தமில்லாமல், வரிசையாக. போர்வையைப் பார்த்தார்கள். மப்ளர் முடிச்சு போர்வைக்கு மேல் புடைத்துக்கொண்டிருந்தது. ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. சாரதம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "அய்யோ தேவ்ரே!" என்று கடவுளைக் கூப்பிட்டு அழுதார். ஒருவர் தூங்குவதற்கு இவ்வளவு அனுதாபமா என்று லேசாகத் தோன்றத்தான் செய்தது. நைட் ஷிப்ட்டின் கஷ்டம் தெரிந்தவர்கள் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா அனுப்பலாமா? காலையில் செய்த கேசரி இருந்தது. கிண்ணங்களில் போட்டு, முந்திரி தெரிகிற மாதிரி வைத்து, சிரித்த முகமாக நீட்டினேன்.

"தகொள்ளி. தும்ப சந்தோஷ!"

எடுத்துக்கொள்ளுங்கள், ரொம்ப சந்தோஷம். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் அன்றைக்குத் தப்பில்லாமல் சொன்னேன். ஒரு பெண் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, சாப்பிடவும் முடியாமல் வைக்கவும் முடியாமல், என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அப்போதுதான் எதிர்வீட்டு மல்லிகா வந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஹனூர்க்காரி. ரவிக்கை தைப்பவள். தமிழும் கன்னடமும் அவளுக்கு ஒன்றுபோல. என் பேச்சில் தமிழைக் கண்டுகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

"என்னங்க்கா இது. அண்ணன் எப்பிடிங்க்கா போனாரு?"

"கம்பெனி பஸ்ஸுலதான்."

"பஸ்ஸுலயேங்களா!"

"ஆமா. நேத்து சாயங்காலம் ஏறினாரு. காலையில கொண்டாந்து இறக்கிட்டுப் போயிட்டாங்க."

"கூட யாரும் வரலீங்களா?"

"எதுக்கு? இனிமே தினமும் இப்படித்தான் போகணும்."

மல்லிகா என் கையை விட்டுவிட்டாள். "தினமுமா?"

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் அங்கிள் ஒரு ரோஜா மாலையோடு உள்ளே வந்தார். யாரும் தடுப்பதற்குள் அதைப் போர்வையின் மேல் வைத்தார். குனிந்து, தூக்கத்தில் போர்வை விலகி வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்களைத் தொட்டுக் கும்பிட்டார்.

சரவணனுக்கு உள்ளங்காலில் கூச்சம். அதுவும் சாதாரணக் கூச்சம் இல்லை.

ஒரு உதை. அங்கிள் கேசரிப் பாத்திரத்தின் மேல் உட்கார்ந்தார். போர்வையை உதறிக்கொண்டு, மப்ளரும் மாலையுமாக, "எவன்டா அவன்?" என்று என் கணவர் எழுந்து உட்கார்ந்தார்.

"எத்ப்ட்ரு!" என்று சாரதம்மா அலறினார். எழுந்துவிட்டார் என்று அர்த்தம். அந்தக் கூட்டம் ஒரே நேரத்தில் அந்த ஒற்றை வாசல் வழியாக எப்படி வெளியே போனது என்பதை என்னால் இன்னும் விளக்க முடியவில்லை. ஹாலில் கேசரிக் கிண்ணங்கள், மல்லிகா, இடுப்பைப் பிடித்துக்கொண்ட அங்கிள், நாங்கள்.

மல்லிகாதான் முதலில் சுதாரித்தாள். "அக்கா, நீங்க கீழ வந்து என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு அர்த்தம் சொன்னாள். சரவணன் மாலையைக் கழற்றாமல் முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார், "எம்.ஏ. தமிழ்ல எத்தனை பர்சென்ட் நீ?"

அங்கிள் இறங்கிப் போனார். கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு மணி நேரம் அந்த வீட்டிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. சாரதம்மா நல்ல மனுஷி. பிள்ளைகளைப் பார்த்தும் வீடு கொடுத்தவர். அவர் வீட்டில் குடிவந்த மூன்றாம் நாளே ஒரு சாவுச் செய்தியைச் சொல்லி, ஊரைக் கூட்டி, அவர் கணவரை உதைத்து விழ வைத்தாயிற்று. காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது? வேலையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகவில்லை. நிலாவுக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். கீழே இட்லி சாப்பிட்டுவிட்டு மேலே வந்திருந்த நிலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நம்ம ஊருக்கே போயிடலாமா? அங்க நீ நல்லா பேசுவல்ல?"

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. எழுந்து முகம் கழுவி, மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு கீழே போய்க் கதவைத் தட்டினேன்.

சாரதம்மா திறந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை. நான் மன்னிப்பைத் தமிழில் சொல்ல, மல்லிகா கன்னடத்தில் சொன்னாள். 'ம்' கதையையும் சொல்லச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு சாரதம்மா நீளமாக ஏதோ கேட்டார். மல்லிகா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க? காலி பண்ணச் சொல்றாங்களா?"

"இல்லீங்க்கா. செத்ததைக்கூட மன்னிச்சிடுவாங்களாம். 'செத்தாரு'ன்னு மரியாதையா சொல்லாம 'செத்தான்'னு சொன்னீங்கல்ல, அது ஏன்னுதான் கேக்கறாங்க. அந்த மனுசன் உங்களை அவ்வளவு கொடுமைப்படுத்தினாரான்னு ஒரு மணி நேரமா யோசிச்சிட்டிருந்தாங்களாம்."

நான் என்ன பதில் சொல்வது என்று விழித்த விழியைப் பார்த்து சாரதம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், உட்கார்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துவிட்டு "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி!" என்று என்னைப்போலவே சொல்லிக்காட்டிவிட்டு மறுபடி சிரித்தார். உள்ளே இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த அங்கிளும் சிரித்து, அதனால் வலித்து, "அம்மா" என்றார்.

செத்ததாகச் சொல்லப்பட்டு எழுந்தவருக்கு அன்றிலிருந்து புது ஆயுசு என்று சாரதம்மா முடிவு செய்தார். சாயங்காலமே சரவணனைக் கோயிலுக்குக் கூட்டிப் போய் அர்ச்சனை செய்து, வீட்டில் பாயசம் வைத்தார். அன்றைக்குத்தான் அவர் புதிதாகப் பிறந்தாராம். அதோடு முடிந்ததென்று நாங்கள் நினைத்தோம். அடுத்த வருடம் அதே தேதியில் மறுபடி பாயசம் வந்தது. இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் இரண்டும் இப்போது தமிழைவிடக் கன்னடம் நன்றாகப் பேசுகின்றன. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு நான் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்பது நிலாவின் நிபந்தனை.

போன மாதம் சரவணனுக்கு ஏழு வயது நிறைந்தது. கவினுக்குப் பத்து. பாயசத்தைக் குடித்துவிட்டு டிவி ரிமோட்டை எடுக்கப் போனவரின் கையைக் கவின் தட்டிவிட்டான்.

"நான் உன்னைவிட மூணு வயசு பெரியவன். சின்னப் பசங்களுக்கெல்லாம் ரிமோட் கிடையாது."

சரவணன் என்னைப் பார்த்தார். "அன்னைக்கு நான் எந்திரிச்சிருக்கவே கூடாது" என்றார்.