பீரோவுக்குப் பின்னால் ஒரு பனங்காடை

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் முகம்மது சாதிக் கையை விட்டார். உடுத்திக் கழித்த பழைய சாரம் மட்டும் கையோடு வந்தது. அதற்குள் சுற்றி வைத்திருந்த படத்தைக் காணோம்.

சங்கரன்கோவிலில் நைட்டிக் கடை வைத்திருக்கிற மனிதருக்கு ஒரு பறவைப் படத்தின் மேல் இத்தனை ஆசையா என்று கேட்பீர்கள். நீங்கள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. குற்றாலத்தில் ஒரு கண்காட்சியில் வாங்கியது. கரண்டுக் கம்பியிலிருந்து ஒரு பனங்காடை கிளம்புகிறது, அவ்வளவுதான். குருவிகுளம் பக்கம் பஸ்ஸில் போனால் அது கம்பியில் உட்கார்ந்திருக்கும். மண் நிறத்தில் இருப்பதால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இறக்கையை விரித்தால்தான் உள்ளே ஒளித்து வைத்திருக்கிற நீலம் தெரியும். அந்த நீலம் திறக்கிற நொடியை அப்படியே பிடித்திருந்தார் ஓவியர். அதைப் பார்த்தால் சாதிக்குக்கு நைட்டி விற்ற அலுப்பெல்லாம் போய்விடும்.

வாங்கி வந்த அன்றே ஹாலில் ஆணி அடிக்கப் போனார். மனைவி ஷரீபா பீவி சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் தொழுற எடத்துல உருவப்படத்தை மாட்டினா வானத்துலேருந்து மலக்குமாரு எப்படி எறங்கி உள்ள வருவாங்க?"

சாதிக் மூளையை உபயோகித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, படத்தைப் பீரோவுக்குப் பின்னால் சொருகினார். மத்தியானம் பள்ளிவாசலில் தொழுதுவிட்டுச் சாப்பிட வருவார். ஷரீபா ஹாலில் தொழுது முடிப்பதற்குள் உள்ளறையில் படத்தை எடுத்து ஆசைதீரப் பார்த்துவிட்டுப் பழையபடி தள்ளிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டியை ஏமாற்ற முடிந்த ஒரே காரியம் இது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை வேறு.

இப்போது படம் இல்லை. திருப்பிக் கொடுத்த படத்தைக் காணோம் என்று யாரிடம் கேட்பது?

"என்ன தேடுதீங்க?" ஷரீபா வாசலில் நின்றாள்.

"டார்ச் லைட்டு."

"பரண்ல கெடக்கும்."

பரணில் ஏறினார். பின்னாலேயே ஒட்டடைக் குச்சி வந்தது.

"ஏறினதுதான் ஏறினீங்க, அப்படியே தூசியைத் தட்டிருங்க. வெள்ளிக்கிழமை கடையநல்லூர்லேருந்து எங்க உம்மா வாராக."

தட்டினார். கெட்ட நேரம், டார்ச் லைட் கிடைத்துவிட்டது. உடனே வேறொன்றைத் தொலைத்தாக வேண்டும்.

"நகவெட்டியையும் காணோம் ஷரீபா."

"கட்டிலுக்கு அடியில பாருங்க. வெளக்குமாத்தையும் கொண்டு போங்க."

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது சாதிக் தலையெல்லாம் ஒட்டடையோடு நின்றார். மாதக்கணக்கில் அவள் கெஞ்சியும் நடக்காத வேலை ஒரே மத்தியானத்தில் முடிந்திருந்தது. படம் மட்டும் கிடைக்கவில்லை. பழைய பேப்பர்காரரின் சைக்கிளில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அந்த நீல இறக்கை நசுங்கிப் போவது போல் மனசுக்குள் ஓடியது. விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

"ஷரீபா, அந்தப் படத்தை நான் திருப்பிக் கொடுக்கல."

"தெரியும்."

"பழைய பேப்பர்ல போட்டுட்டியா?"

"வீட்டுல தேடாத எடம் ஏதும் பாக்கி இருக்கா?"

யோசித்தார். இருந்தது. சமையலறை. வாசலில் நின்று தண்ணீர் கேட்பதோடு சரி. அதற்கு அப்பால் கால் வைத்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

ஓடினார். ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழுகிற சுவரில் பனங்காடை பறந்துகொண்டிருந்தது. எண்ணெய்ப் பிசுக்குப் படாமல் கண்ணாடிகூடப் போட்டிருந்தாள். அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்தார். கண் கலங்கிவிட்டது; வெங்காயத்தின் மேல் பழி போடலாம் என்றால் அவள் இன்னும் உரிக்கவே ஆரம்பிக்கவில்லை.

"தொழுற எடத்துல வேண்டாம்னுதான சொன்னேன். வேற எங்கன மாட்டலாம்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நேத்து சாயந்தரம் மாட்டினேன். ராத்திரி இந்த வாசல்ல நின்னுதான் தண்ணி கேட்டீங்க."

"பீரோவுக்குப் பின்னால இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க மத்தியானம் பாப்பீங்க. நான் காலையில நீங்க கடைக்குப் போனதும் எடுத்துப் பாப்பேன். படத்து ஓரத்துல அந்த உடைமரத்துல இருக்குல்லா இன்னொன்னு, அதுதான் எனக்குப் புடிக்கும்."

"இன்னொன்னா?"

படத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குச் சாதிக் குனிந்தார். மங்கிய கிளைகளுக்குள் இறக்கையை மூடியபடி இன்னொரு பனங்காடை. இத்தனை நாள் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில் அது பட்டதே இல்லை. விட்ட மரியாதையைப் பிடிக்கப் பார்த்தார்.

"பனங்காடையில ஆணு பொண்ணு வித்தியாசம் தெரியாது ஷரீபா. ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும்."

"ஒண்ணு இறக்கையை விரிச்சு வித்தை காட்டுது. இன்னொன்னு சத்தங்காட்டாம உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருக்கு. அதுல தெரியலையா உங்களுக்கு?"

சாதிக் இரண்டு பறவைகளையும் மாறி மாறிப் பார்த்தார். படம் பத்திரமாக இருக்கிறது, அது போதும்.

"நாளைக்கும் வந்து பாக்கலாம்லா?" என்று கேட்கும்போதே, ஒரு கிண்ணம் சின்ன வெங்காயமும் கத்தியும் அவர் கைக்கு வந்திருந்தன.

"தாராளமா. நாளைக்கு முருங்கைக்கீரை ஆயணும், சீக்கிரமே வாங்க."